வானம் பார்த்த பொந்து

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம். அதன் உச்சியில் ஒரு பெரிய பொந்து. அந்தப் பொந்தை ஒரு நரி விற்றது.

நரிக்கு மரம் ஏறத் தெரியுமா? தெரியாது! அந்தப் பொந்துக்குள் ஒரு நாளாவது தலையை நீட்டிப் பார்த்திருக்கிறதா? கிடையவே கிடையாது! ஆனாலும் விற்றது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அதை ‘அவன்’ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பொந்து ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. பொன்னலகி என்ற மைனா அங்கே குடியிருந்தாள். ஏழு தலைமுறை மைனாக்கள் முட்டையிட்ட இடம் அது. அவளுடைய மூன்று குஞ்சுகளுக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. துணையை வல்லூறு அடித்துக்கொண்டு போய்விட்டதால், ஒற்றையாளாகப் பூச்சி பிடித்து மூன்று வாய்க்கும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொந்தின் கூரையில், கிளை முறிந்த இடத்தில், ஒரு குறுகிய திறப்பு இருந்தது. மழை பெய்தால் நேராக உள்ளேதான் கொட்டும். ஆனால் தரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஓட்டை உண்டு. கொட்டிய தண்ணீர் அதன் வழியாக வெளியே ஓடிவிடும். காலையில் எழுந்ததும் அந்த ஓட்டையில் அடைந்த இலைதழைகளைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் பொன்னலகி இரை தேடப் போவாள். அந்தப் பொந்தில் பிறந்த எல்லா மைனாக்களுக்கும் அதுதான் பழக்கம்.

மலையிலிருந்து ஒரு இருவாச்சிப் பறவை தன் மனைவியோடு வந்தான். பெரிய அலகு, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மிடுக்கு. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் மனைவி பொந்துக்குள் போய்விடுவாள். சேற்றைக் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டிருப்பாள். உள்ளே அவள் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை கணவன்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அவர்கள் பொந்து தேடுவது நரிக்கு எப்படித்தான் தெரிந்ததோ! வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது.

“வாங்க, வாங்க! உங்களுக்குன்னே ஒரு இடம் வச்சிருக்கேன். ஏழு தலைமுறை பழமையான மரம்! குளத்தைப் பார்த்த வாசல்! படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம், கூரையில வானம் பார்த்த ஜன்னல்! அக்கம்பக்கமெல்லாம் பரம்பரைக் குடித்தனக்காரங்க!”

“யாரோ குடியிருக்கிறாப்பல தெரியுதே?” என்றான் இருவாச்சி.

“அதுவா? ஒரு மைனா. நாளைக்குக் காலி பண்ணிடுவா. யோசிக்காதீங்க, நேத்தே ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க!”

யாரும் வரவில்லை. பச்சைப் பொய்!

“விலை?”

நரி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கியது. “பெரிசா ஒண்ணும் வேண்டாம். நீங்க மேல இருந்து எல்லாத்தையும் பார்ப்பீங்க. தரையில எந்தப் புதராவது அசைஞ்சா எனக்கு ஒரு குரல் கொடுங்க. அது போதும்!”

புதருக்குள் அசைவது யார் என்று இருவாச்சி கேட்கவில்லை. பொந்து கிடைத்தால் சரி என்று தலையாட்டினான்.

மறுநாள் காலையில் இருவாச்சி வாசலில் வந்து உட்கார்ந்தான். கீழே நரி நின்றது.

“இடம் வித்தாச்சு. கிளம்பு!” என்று அது கத்தியது.

“யார் இடத்தை யார் விக்கிறது?” என்று சீறினாள் பொன்னலகி. “குஞ்சுகளுக்கு இன்னும் சிறகே முளைக்கல. இருபது நாள் கொடுங்க! பறக்கப் பழகினதும் நானே போயிடறேன்!”

“இருபது நாளா? என் மனைவிக்கு முட்டையிடும் நேரம் வந்துடுச்சு,” என்றான் இருவாச்சி. அவன் அலகுக்கு முன்னால் மைனா எம்மாத்திரம்!

“சரி, ஒரு விஷயத்தையாவது கேட்டுக்கோங்க. உள்ளே அடியில ஒரு ஓட்டை...”

“குடியிருந்தவ சொல்ற குறையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க!” என்று நரி குறுக்கே பாய்ந்தது. “வாயை மூடிட்டுக் கிளம்பு! யாராவது இவளுக்குப் பரிஞ்சு பேசினா, அடுத்து அவங்க பொந்துதான் விலைக்கு வரும்!”

அந்த மரத்தில் எத்தனை கிளிகள்! எத்தனை அணில்கள்! ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? ஒரே ஒரு அணில் மட்டும் குஞ்சுகளைக் கவ்வி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக் காரைப்புதரில் விட்டது. அதுவும் யாருக்கும் தெரியாமல்.

பொந்துக்குள் நுழைந்த இருவாச்சியின் மனைவி சுற்றிப் பார்த்தாள்.

“இதென்ன, அடியில ஓட்டை! காத்து வருது பாருங்க!”

“பூசிடு,” என்றான் கணவன். அவள் ஓட்டையைப் பூசினாள். பிறகு வாசலையும் பூசினாள்.

மூன்றாம் நாள் காலை. உச்சிக் கிளையிலிருந்து இருவாச்சி குரல் கொடுத்தான்.

“நரியாரே! காரைப்புதர் அசையுது!”

பொன்னலகி வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு திரும்பியபோது இரண்டு குஞ்சுகள் முள்ளுக்குள் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் ஒரு பிடி பூஞ்சிறகு கிடந்தது. யார் குரல் கொடுத்தது, யார் வந்தது என்பதை அணில் அழுதுகொண்டே சொன்னது.

அவளைக் குடியிருந்த வீட்டைவிட்டு விரட்டினார்கள். அந்த வீட்டுக்கு விலையாக அவள் பிள்ளையையே கொடுத்தார்கள்! இதைக் கேட்டும் உங்களுக்குக் கோபம் வரவில்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

ஒரு மாதம் போனது. மிஞ்சிய இரண்டு குஞ்சுகளும் பறக்கப் பழகின. பொந்துக்குள் இருவாச்சிக் குஞ்சு ஒன்று முட்டையை விட்டு வெளியே வந்தது. அன்று பிற்பகல் வானம் இருண்டு, கோடை மழை பிடித்துக்கொண்டது.

வானம் பார்த்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெளியே போக வழியில்லை. தாயின் வயிறுவரை ஏறியது.

“ஐயோ, குஞ்சு முழுகுது! வாசலை உடைங்க!” என்று அவள் அலறினாள்.

இருவாச்சி கொத்தினான், கொத்தினான். வெயிலில் காய்ந்த பூச்சு கல்லாக இறுகியிருந்தது. கீழே பாறை மறைவில் நரி நிற்பது தெரிந்தது.

“நரியாரே! பொந்துல தண்ணி நிக்குது! என்ன பண்றது?”

“வித்தாச்சு, வாங்கியாச்சு! மழைக்கு நானா ஜவாப்தாரி?” என்று சொல்லிவிட்டு நரி இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது.

இருவாச்சி நேரே காரைப்புதருக்குப் பறந்தான். எந்த முகத்தோடு போனானோ!

“அம்மா, அன்னிக்கு ஏதோ ஓட்டைன்னு சொன்னியே... அதை உள்ளேயிருந்து பூசிட்டோம். வெளிவாய் எந்தப் பக்கம்னு தெரியல!”

“சொன்னேன்! கேட்டியா?” பொன்னலகி சிறகை விரித்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். “இருபதே நாள் கேட்டேன். கொடுத்தியா? என் குஞ்சு இருந்த புதரைக் காட்டிக் கொடுத்த வாய்தானே இது! உன் பிள்ளை சாகட்டும்னு நான் சும்மா இருந்தா என்ன தப்பு? சொல்லு!”

மேலேயிருந்து குஞ்சின் கீச்சுக் குரல் வந்தது. மூன்று குஞ்சு வளர்த்தவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? பசிக் குரல் இல்லை, மூச்சு முட்டும் குரல்.

“சீ! தள்ளு!” என்று மழைக்குள் பாய்ந்தாள்.

மரத்தின் மேற்குப் பக்கம், பாசி படிந்த முடிச்சுக்குக் கீழே, ஓட்டையின் வெளிவாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியும். அலகில் ரத்தம் வரும்வரை கொத்தினாள். உள்ளே தண்ணீரில் ஊறிப்போயிருந்த பூச்சு உடைந்தது. தண்ணீர் பீறிட்டு வெளியே பாய்ந்தது. உள்ளே தாயின் கழுத்தைப் பற்றிக்கொண்டு கிடந்த குஞ்சு மூச்சு வாங்கியது.

அன்றைக்கு வாய் திறக்காத கிளிகளும் அணில்களும் இப்போது வந்து “நல்ல காரியம்!” என்றன. இப்போது வந்து என்ன!

“என்ன வேணும்னாலும் கேளு, தரேன்,” என்றான் இருவாச்சி.

“என் மூணாவது குஞ்சைக் கொடு!”

அவன் கிளையில் ஒரு அடி பின்வாங்கினான்.

“முடியாதில்ல? உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். நல்லாக் கேட்டுக்கோ. உன் பிள்ளை பறந்ததும் பொந்தைக் காலி பண்ணு. அதுவரைக்கும் நரி எந்தப் பக்கம் வந்தாலும் எங்களுக்குக் குரல் கொடு. உன் கண்ணும் தொண்டையும் இனிமே எங்களுக்கு உழைக்கட்டும்!”

அப்படியே நடந்தது. நரி பாறைக்கு இந்தப் பக்கம் தலை நீட்டினால் போதும்; “நரி! நரி!” என்று உச்சியிலிருந்து சத்தம் கிளம்பும். முயலும் கௌதாரியும் ஓடி ஒளிந்துகொள்ளும். பட்டினி தாங்காமல் நரி அந்தக் காட்டையே விட்டுப் போய்விட்டது. போன இடத்திலும் யார் பொந்தையோ விலை பேசிக்கொண்டுதான் இருக்கும், அதற்கு வெட்கமா மானமா!

இருவாச்சிகள் போனபிறகு பொன்னலகி தன் பொந்துக்குத் திரும்பினாள். மூன்று குஞ்சோடு இறங்கியவள் இரண்டோடு ஏறினாள். மறுநாள் காலையில் எழுந்து, ஓட்டையில் கிடந்த இலைகளைக் கொத்தி எடுத்துவிட்டு இரை தேடப் போனாள்.

குடியிருப்பவர்களை விரட்டிவிட்டு ஒரு வீட்டைப் பிடித்தால், அந்த வீட்டைக் காத்துவந்த அறிவும் அவர்களோடு வெளியேறிவிடும்.