மணிக்கட்டு இல்லாத ஏடு

வேங்கைமலையை ஆண்ட வீரகேது ராஜாவுக்கு ஒரே ஒரு பலவீனம்தான். தாத்தா! தாத்தா நட்ட மரத்தில் கிளை வெட்ட விடமாட்டார். தாத்தா எழுதிவைத்த ஏட்டில் ஒரு புள்ளிகூட மாற்ற விடமாட்டார்.

அந்த ஏடுகளில் ஒன்று காய ஏடு. தலை, மார்பு, வயிறு, முதுகு, கை, கால் என்று பதினாறு உறுப்புகள் அதில் உண்டு. போரில் எந்த உறுப்பில் வெட்டுப்பட்டால் வீரனுக்கு எத்தனை நாள் ஓய்வு என்று வரிசையாக எழுதியிருக்கும். அதைக் காத்துவந்தவர் ஏட்டதிகாரி அம்பலவாணர். அவரிடம்தான் ரண வைத்தியர் பூவணர் அன்று மாட்டிக்கொண்டார்.

மாசிலான் என்ற வாள்வீரனுக்கு வலது மணிக்கட்டில் வெட்டு. அறுந்த நரம்புகளைப் பூவணர் அரைநாள் உட்கார்ந்து தைத்து, மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தார். நாற்பது நாள் கையை அசைக்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்தக் கை இனிமேல் சோறு பிசையக்கூட உதவாது. படையோ மறுநாள் காலையில் கிளம்புகிறது.

அம்பலவாணர் வைத்தியரின் ஓலையை வாங்கிப் படித்தார். "வலது மணிக்கட்டின் உள்பக்கம், இரண்டு நரம்பு..." உதட்டைப் பிதுக்கினார்.

"வைத்தியரே, மணிக்கட்டு ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாத இடத்தில் காயமும் இல்லை. மாசிலான் நாளைக்குப் படையோடு போகலாம்."

"காயம் இல்லையா? தைத்தவன் நான்! மணிக்கட்டு கையில்தானே ஐயா இருக்கிறது?"

"அப்படியானால் கை என்று எழுதிக் கொடும்."

"மாட்டேன். போன போரில் ஒரு பிள்ளைக்கு முழங்கையில் கீறல், உள்ளங்கையில் ஆழமான வெட்டு. உம் பேச்சைக் கேட்டுக் கை என்று மட்டும் எழுதினேன். அடுத்த பாசறை வைத்தியர் அதைப் படித்துவிட்டு முழங்கைக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சீழ் வைத்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு விரல் போச்சு. கண்ணால் கண்டதைத்தான் இனி எழுதுவேன்."

"எழுத்தைப் பார்ப்பது என் வேலை. அர்த்தம் பார்ப்பது என் வேலை இல்லை."

பூவணருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நேரே சபைக்குப் போய் முறையிட்டார். அம்பலவாணரும் ஏட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ராஜா இருவர் சொன்னதையும் கேட்டார். தாடியைத் தடவினார்.

"தாத்தாவின் ஏட்டில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. வைத்தியர் ஓலையிலும் ஓர் எழுத்து மாற வேண்டாம். அவர் உண்மையை எழுதியிருக்கிறார். ஆனால் மாசிலானுக்கு நாற்பது நாள் ஓய்வு கிடைக்க வேண்டும். என்னடா காளத்தி, முடியுமா?"

காளத்தி ராஜாவின் பக்கத்திலேயே நிற்கும் விகடன். நாக்கு நீளம், உருவம் குள்ளம்.

"முடியும் மகாராஜா. ஆனால் முதலில் ஏட்டதிகாரிக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். இருபது வருஷமாக ஓர் எழுத்து சிந்தாமல் காத்திருக்கிறாரே! உங்கள் முத்துமாலையையே போடலாம்."

பூவணருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்மோடு நிற்பான் என்று நினைத்தால் எதிராளிக்கு மாலை போடச் சொல்கிறானே! அங்கே மாசிலான் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே என்று மனம் அடித்துக்கொண்டது.

ராஜா மாலையைக் கழற்றினார். அம்பலவாணர் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து குனிந்தார். மாலை கிட்டே வரும் நேரத்தில் காளத்தி குறுக்கே கையை நீட்டினான்.

"ஒரு நிமிஷம் மகாராஜா. மாலையை எங்கே போடப்போகிறீர்கள்?"

"கழுத்தில்தான். வேறு எங்கே?"

"கழுத்தா? அதிகாரி ஐயா, ஏட்டில் கழுத்து இருக்கிறதா, பாருங்கள்."

அம்பலவாணர் அவசரமாக ஏட்டைப் புரட்டினார். தலைக்கு அடுத்தது மார்பு. நடுவில் ஒன்றும் இல்லை.

"அடடா!" காளத்தி வருத்தப்பட்டான். "ஐயாவுக்குக் கழுத்தே இல்லை. இல்லாத இடத்தில் எப்படி மாலை போடுவது? மகாராஜா, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

ராஜா மாலையைப் பின்னுக்கு இழுத்தார். முத்துகள் கண்ணெதிரே விலகிப் போவதை அம்பலவாணரால் தாங்க முடியவில்லை.

"இருங்கள் மகாராஜா, இருங்கள்! ஏட்டில் பெயர் இல்லாவிட்டால் உறுப்பு இல்லையென்று ஆகிவிடுமா? பக்கத்தில் எந்த உறுப்பு எழுதியிருக்கிறதோ அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கழுத்து தலையோடு சேர்ந்தது!"

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக! இது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

"வைத்தியரே, கேட்டீரா?" காளத்தி திரும்பினான். "ஐயாவே சொல்லிவிட்டார். நீர் கண்டதை நீர் எழுதும். அது ஏட்டில் எந்த உறுப்போடு சேரும் என்று பார்த்துச் சேர்ப்பது ஐயாவின் வேலை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏட்டில் என்ன உறுப்பு இருக்கிறது ஐயா?"

சபையே அம்பலவாணரைப் பார்த்தது.

"கை" என்றார் மெல்ல.

"கைக்கு எத்தனை நாள்?"

"நாற்பது."

"முத்திரை போடும்!" என்றார் ராஜா. ஏட்டிலும் எழுத்து மாறவில்லை, ஓலையிலும் மாறவில்லை. முத்திரை விழுந்த ஓலையை வாங்கிய பூவணர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். மாசிலானிடம் சொல்ல வாசலை நோக்கிப் பாதி தூரம் ஓடிவிட்டார்.

"மகாராஜா..." பின்னால் அம்பலவாணரின் குரல் குழைந்தது. "அந்த மாலை?"

"கொடுத்த வாக்கு மாறாது. காளத்தி, நீயே போட்டுவிடு."

காளத்தி ஒரு முக்காலியின் மேல் ஏறினான். மாலையை இரண்டாக மடித்து, அம்பலவாணரின் குடுமியைச் சுற்றி உச்சந்தலையில் அழுத்தி வைத்தான். ஒரு சரம் காதில் விழுந்தது. இன்னொரு சரம் மூக்கின் மேல் ஆடியது.

"அடேய், என்ன செய்கிறாய்? கழுத்தில் போடடா!"

"ஏட்டில் தலைதானே ஐயா இருக்கிறது? எழுத்தைப் பார்ப்பதுதான் என் வேலை."

ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் ஆடியது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்த பூவணரும் சிரித்துவிட்டார்.