கெடாத கூலன்ட்

மெஹருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்தபோது இன்பசேகரனுக்குத் தலை நரைத்திருந்தது. ஆசிரியைக்கு இன்னும் நரைக்கவில்லை.

திருப்பூரில் இன்பசேகரன் வேலை பார்த்த சாயப்பட்டறை ஆய்வகம் மூடப்பட்டபின், கோவையில் கூலன்ட் தயாரிக்கும் கம்பெனியில் கலவை செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். மெஹருன்னிசா அங்கே ரசாயனப் பாதுகாப்பு அதிகாரி. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு டிரம் கூட வாசலைத் தாண்டாது.

லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் பால் நிறத் திரவம்தான் கூலன்ட். எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. கிருமிகளுக்கு அது கல்யாண விருந்து. ஞாயிறன்று மெஷின் நின்றால் போதும், திங்கள் காலை அழுகல் நாற்றம் பட்டறையைத் தூக்கும். அது வராமலிருக்கக் கிருமிக்கொல்லி மருந்து சேர்ப்பார்கள்.

இன்பசேகரன் மருந்தைத் தாராளமாகச் சேர்த்தார். மாதங்கள் போயும் அவர் கலவையில் நாற்றமில்லை. முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெஹருன்னிசா மட்டும் தலையாட்டவில்லை.

"என்ன குறை மேடம்?"

"வாங்க, காட்டுறேன்."

கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே லேத் ஓட்டுபவள் கனகமணி. விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"பாத்திரம் தேய்க்கற சோப்புன்னு நெனச்சேனுங்க. சோப்பை மாத்தியும் ஆறல. சோத்துல கை வெச்சா எரியுது."

மெஹருன்னிசா மெல்லச் சொன்னார்: "இங்க ஊத்துறது வேற கம்பெனி கூலன்ட். ஆனா நீங்க போட்ட அதே மருந்து, அதே அளவு. மெஷின் நின்னிருக்கு. கடைஞ்ச அந்தப் பீஸைக் கழட்டுங்க, சேகரன்."

பழக்க தோஷத்தில் இன்பசேகரன் பையிலிருந்து கையுறையை எடுத்தார். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: லேத் அருகில் கையுறை அணியாதே, சிக்கினால் கை போகும்.

கையுறையைத் திரும்பப் பையில் வைத்தார். பீஸிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கை நீளவில்லை.

"தள்ளுங்க சார், நேரமாகுது," என்று கனகமணி வெறுங்கையால் கழற்றினாள்.



அடுத்த கலவையில் இன்பசேகரன் மருந்தே சேர்க்கவில்லை.

"இது யார் கையையும் கடிக்காது மேடம்."

மெஹருன்னிசா மூடியைத் திறந்து உடனே மூடினார். "கிருமி பெருகியிருக்கு. மெஷின் சுத்தும்போது இது பனி மாதிரி எழும்பி மூச்சுல போகும். கை தப்பிச்சாச்சு. நெஞ்சு?"

இன்பசேகரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூட்டினாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. எவ்வளவுதான் போடச் சொல்றீங்க?"

மெஹருன்னிசா ஒரு பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்து நீட்டினார்.

"கனகமணி மெஷினோட கூலன்ட் தொட்டியைக் கழுவிட்டு வந்து கேளுங்க."

படித்த படிப்புக்கு இதுவா என்று நெஞ்சு குமுறியது. ஆனாலும் போனார். மெயின் சுவிட்சையே அணைத்து, முழங்கைவரை கையுறை மாட்டி, தொட்டிக்குள் குனிந்தார். அடியில் இரும்புத் தூளும் சேறும். மேலே ஆடையாகக் கிரீஸ். நடுவில் டீ கப்பும், யாரோ துப்பிய பாக்கும், ஊசிப்போன தக்காளிச் சோறும். அள்ள அள்ள வந்தது.

திரும்பி வந்தவர் எவ்வளவு என்று கேட்கவில்லை. நேரே ஆய்வகத்துக்குள் போனார்.

மருந்தின் வகையை மாற்றினார். அளவைக் குறைத்து, சோதித்து, மறுபடி குறைத்தார். மிதக்கும் எண்ணெயை வழிக்க ஒரு தகடு செய்தார். மெஹருன்னிசா சரி என்று சொன்ன பிறகே கனகமணியின் மெஷினில் ஊற்றினார். திங்கட்கிழமை தோறும் தானே போய்த் தொட்டியைப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் வருமுன்பே கழுவி வைத்தார்கள்.

ஒருநாள் கனகமணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் மருதாணி.

"இப்ப எரியறதில்லைங்க சார்."

அன்று இன்பசேகரன் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

கை எரியாத கூலன்ட் என்ற பேச்சு பரவி, பெரிய தொழிற்சாலையொன்றின் கொள்முதல் அதிகாரி கம்பெனிக்கே வந்தார். கிடைத்தால், கம்பெனி அதுவரை பார்த்திராத ஆர்டர்.

"வருஷம் பூரா கெடாதுன்னு எழுதித் தருவீங்களா? மத்தவங்க தர்றாங்க."

முதலாளி, ஆமாம் என்று சொல்லும்படி இன்பசேகரனைக் கண்ணால் கெஞ்சினார்.

இன்பசேகரன் எழுந்து நின்றார். "தரமாட்டேன் சார். தொட்டியைச் சுத்தமா வச்சா நிக்கும். கண்டுக்காம விட்டா கெடும். கெட்டா கூப்பிடுங்க, நானே வர்றேன். நாத்தமே வராத அளவுக்கு மருந்து போடவும் எனக்குத் தெரியும். போடமாட்டேன்."

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி மெஹருன்னிசா பக்கம் திரும்பினார். "என்ன மேடம் இது? உங்க ஆளே தன் சரக்கு கெடும்ங்கறாரு!"

மெஹருன்னிசா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படித்தான் சார் சொல்வாரு. எங்கிட்டப் படிச்சவரு."