ஐந்து குரலில் அறுபத்திரண்டு

"மேடம், புத்தகத்தை நம்பாட்டா பிறகு எதைத்தான் நம்புதது?"

வக்கீல் குரலில் கேட்டுவிட்டு, குற்றாலிங்கம் ஐந்து தடிப் புத்தகங்களை மேஜைமேல் பொத்தென்று போட்டார். டீ டம்ளர் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தெட்டு.

இரும்பையும் எஃகையும் இழுத்து, நசுக்கி, உடைத்துப் பார்த்துச் சான்று தரும் சோதனைக்கூடம் அது. தலைவி ஜன்னத் பேகம். பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்த குற்றாலிங்கத்துக்கு, சான்றில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்து மூன்றே நாள்.

முதல் கையெழுத்தே ராட்டினத்துக்கு.

பொருட்காட்சித் திடலில் நிற்கிறது அந்த ராட்சத ராட்டினம். இருபத்துநாலு தொட்டில். ஒவ்வொரு தொட்டிலையும் தாங்க, கட்டைவிரல் பருமனில் ஒரு எஃகு பின். கழற்றிய பின்கள் எல்லாம் மேஜையடியில் ஒரு சாக்கில் கிடந்தன; தொட்டில்கள் திடலில் தரையில் இறக்கிவைத்துக் கிடந்தன. மாலை ஏழு மணிக்குத் திறப்பு விழா. இப்போது நாலு.

"ஒரு பின்னை மிஷின்ல வச்சு உடைச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று காலையில் ஜன்னத் சொல்லியிருந்தார். அதுதான் சண்டை.

"இருபத்துநாலு தொட்டிலுக்கு இருபத்துநாலு பின்னுதான் மேடம் இருக்கு. ஒண்ணை உடைச்சா ஒரு தொட்டில் கிடையாது, எடை சாஞ்சு ராட்டினமே சுத்தாது; புதுப் பின்னு வர ரெண்டு நாளாகும். தேவசகாயம் என்னைய உடைச்சிருவாரு."

தேவசகாயம் ராட்டின முதலாளி. அவரிடம் போனில் பேசும்போது மட்டும் குற்றாலிங்கத்துக்குக் கனத்த ஆபீசர் குரல் வந்துவிடும். மனிதருக்கு வராத குரலே இல்லை. வீட்டில் தன் அப்பா குரலில் காப்பி கேட்பார். மாமனார்தான் என்று மனைவி பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்த பிறகுதான் சிரிப்பார்.

ஜன்னத் பேனாவை மூடினார். "புத்தகம் என்ன சொல்லுது?"

கேட்க வேண்டுமா! குற்றாலிங்கம் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கினார். லண்டன் அச்சு. மோவாயை உயர்த்தி, வெள்ளைக்காரத் துரை ஆனார்.

"இண்ட எஃகு, சதுர மில்லிமீட்டருக்கு அறுபட்டு ரெண்டு கிலோ டாங்கும்!"

அடுத்தது கல்கத்தா. வாயில் ரசகுல்லா. "ஒறுபொத்து ரொண்டு!"

பம்பாய். "அறுபத்தி ரெண்டு ஹை, பாய்!"

கொச்சி. "அறுபத்திரண்டாணு, கேட்டோ."

சென்னை. "அறுவத்தி ரெண்டுபா. இன்னா டவுட்டு?"

மூலையில் இரும்புத் துண்டை அரைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் மிஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். குற்றாலிங்கம் குனிந்து வணங்கினார்.

ஜன்னத்தும் சிரித்தார். "எத்தனை பேர் சொன்னாங்க அண்ணாச்சி?"

"அஞ்சு பேரு! அஞ்சு ஊரு! ஒரு புள்ளி கூட மாறல."

"சரி. யாருகிட்ட இருந்து எடுத்தாங்கன்னு பக்கத்தோட அடியில பொடி எழுத்துல இருக்கும். அதையும் வாசிங்க. குரலோட."

துரை வாசித்தார். "கல்கட்டா நூலில் இருண்டு."

கல்கத்தா: "பொம்பாய் நூல்."

பம்பாய்: "கொச்சி புக், பாய்."

கொச்சி: "சென்னை நூலாணு."

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். குற்றாலிங்கம் சென்னைப் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"திருநெல்வேலி சோதனைக்கூட அறிக்கைபா. சோதிச்சவங்க..."

நிறுத்தினார். முகம் மலர்ந்தது. மிச்சத்தை மெதுவாக, மூக்கால், அச்சு அசலாக ஜன்னத்தின் குரலிலேயே வாசித்தார்.

"ஜன்னத் பேகம்."

"மேடம்! நீங்கதானா? அஞ்சு புத்தகத்துக்கும் வேர் நீங்கதானா? இதை முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ கையெழுத்துப் போட்டிருப்பேனே!"

ஜன்னத் சிரிக்கவில்லை.

"பதினாலு வருசம் முந்தி. வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரம். உடைக்கிற மிஷின் ரிப்பேர். அறிக்கை அன்னிக்கே வேணும்னாங்க."

"அதனால?"

"ஒரு புத்தகத்தைப் பாத்து எழுதுனேன்."



"எந்தப் புத்தகம் மேடம்?"

ஜன்னத் விரலை நீட்டினார்.

சிவப்பு. லண்டன். மேஜைமேல் கிடந்த புதுப் பதிப்புக்கு மூத்தது, முதல் பதிப்பு, எதிர்ச் சுவர் அலமாரியில் பல்லிளித்துக்கொண்டு இருந்தது.

"அப்ப... அதுக்கு யாரு சொன்னது?"

"அன்னிக்கு நான் அடியில பாக்கலை."

குற்றாலிங்கம் எழுந்து அந்தப் பழைய பதிப்பை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். அறுபத்திரண்டு இருந்தது. அதன் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

அடியில் ஒன்றுமே இல்லை.

"எத்தனை பேர் சொன்னாங்க அண்ணாச்சி?" என்று ஜன்னத் மறுபடி கேட்டார்.

போன் அடித்தது.

"ஆபீசர் சார்! கையெழுத்து ஆச்சா?" தேவசகாயம்தான். "பிள்ளைங்க இப்பவே வரிசையில நிக்கி சார். பள்ளிக்கூடம் விட்டு யூனிபாரத்தோட வந்துட்டு. கேக்குதா?"

கேட்டது. இரைச்சல், விசில், யாரோ ஒரு பிள்ளை ஒண்ணு ரெண்டு என்று தொட்டில்களை எண்ணும் சத்தம்.

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஆபீசர் வரவில்லை. வக்கீல் வரவில்லை. துரை எங்கே போனாரோ தெரியவில்லை. தொண்டைக்குள் துழாவித் துழாவி, கடைசியில் கரகரவென்று, சன்னமாக, பாதி உடைந்து ஒன்று வந்தது.

"இன்னைக்கு ராட்டினம் ஓடாது. பின்னை உடைச்சுப் பாக்காம எனக்குத் தெரியாது."



தேவசகாயம் கேட்டார்.

"இது யாரு பேசுதது?"