தாரை வார்த்துக் கொடுத்த வீடு

காக்காய்க்குளத்தில் உலகம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். நயினார், பேச்சிமுத்து என்று அவளுக்கு இரண்டு தம்பிமார். மூன்று பேருக்கும் கடவுள் எவ்வளவு புத்தி கொடுத்தார் என்று கேட்காதீர்கள். நல்ல மனசைத் தாராளமாகக் கொடுத்திருந்தார்.

உலகம்மாள் மகள் செண்பகத்துக்கு ஆறு வரன் தட்டிப்போய்விட்டது. ஏழாவதாகப் பெண் பார்க்க வருகிறவர்கள், "பக்கத்துல வந்ததும் போன் பண்ணுறோம், வழி சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காகவே ஒரு பெரிய கம்பெனியின் புதுப் போன் வாங்கினார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் பேச்சிமுத்து எழுத்துக்கூட்டி வாசித்தான். "உங்கள் இருப்பிடம், குரல் இரண்டையும் எங்கள் நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்." பக்கத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"நாம தொடவே இல்லையே, யாருலே போட்டது?" என்றாள் உலகம்மாள்.

"கம்பெனிக்காரரே போட்டுட்டாரு அக்கா. எப்படியும் குடுப்போம்னு நம்ம மேல அம்புட்டு நம்பிக்கை!"

உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்துபோன ஆறு மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தர்கூட அவளை இப்படி நம்பியதில்லை.

"ஆனா தாரை வார்க்காம குடுத்தா அது தானமா?" என்றான் நயினார். வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு செம்புத் தண்ணீரைப் போன்மேல் ஊற்றினார்கள். போன் இரண்டு தும்மல் போட்டுப் பிழைத்துக்கொண்டது.

"இருப்பிடம்னா வீடுதானே? குடுத்த வீட்டுல குடியிருக்கலாமா அக்கா?" என்றான் பேச்சிமுத்து.

"ஆகவே ஆகாது."

கட்டில், அண்டா, பட்டுச்சேலையில் செண்பகம் எல்லாம் தெருவுக்கு வந்து வேப்பமரத்தடியில் இறங்கின.

"அம்மா, சமையலாவது உள்ள பண்ணலாமே?" என்றாள் செண்பகம்.

"அடுத்தவங்க அடுப்புலயா? சும்மா இருடி."

போன் அடித்தது. நயினார் தீர்ப்புச் சொன்னான்: "நேர்ல பேசுற குரல் நம்மளது. போன்ல போற குரல் கம்பெனியோடது." ஆகவே போனை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, கையாலேயே வழி காட்டினான். பாலம் வரை இடது, அப்புறம் வலது. அந்தப் பக்கமும் ஒரு சத்தமில்லை.

"ஏழாவதும் போச்சே தாயே" என்று உலகம்மாள் தலையில் கைவைத்தாள்.

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. மேலே கட்டில், பீரோ, கோழிக்கூடு, நடுவில் மாப்பிள்ளை.

"மன்னிக்கணும் சம்பந்தி" என்று இறங்கினார் மாப்பிள்ளையின் அப்பா. "போன வாரம் நாங்களும் இந்தப் போன்தான் வாங்குனோம். வீட்டையும் குரலையும் குடுத்தாச்சு. போன்ல பேசவும் வழியில்ல. டீக்கடையில கேட்டுத்தான் வந்தோம்."

"கடவுளே, குணம் அப்படியே பொருந்துது!" என்றாள் உலகம்மாள். கோழிகளுக்கு வெயில் படாமல் மாப்பிள்ளை தன் துண்டைக் கூட்டின்மேல் போர்த்தியிருந்தான். அதைப் பார்த்துச் செண்பகம் சிரித்துத் தலையாட்டினாள்.

தாம்பூலம் மாற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு குடும்பமும் தொப்பலாக நனைந்தது.

"பேச்சிமுத்து, வீட்டுல கம்பெனிக்காரருக்கு ஏதும் ஒழுகுதான்னு பாத்துட்டு வாலே."

ஓடிப்போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "உள்ள ஒரு சொட்டு இல்ல அக்கா. ஆனா அவரு இன்னும் வரல."

உலகம்மாள் நடுத்தெருவில் கைகூப்பினாள்.

"தாயே, அந்தக் கம்பெனிக்காரப் புள்ள வழியில நனையாம வந்து சேரணும். இருக்கிற மழையையெல்லாம் எங்க மேலயே பெஞ்சு தீத்துரும்மா."