ஒரு பலகை குறைந்த அரண்மனை

சயாம் நாட்டில், யானைகள் காட்டு மரத்தை இழுத்து வந்து ஊர் கட்டிய காலம் அது. ஆற்றோரத்து மாகாணம் ஒன்றில் ராஜா ஒரு தேக்கு அரண்மனை கட்டினார். அடேயப்பா, என்ன அழகு! தேடினாலும் ஓர் இரும்பு ஆணி கிடைக்காது. எல்லாம் மர முளைதான். அந்தச் சீமையில் வீடு கட்டும் முறையே அப்படி. முளையைத் தட்டிவிட்டால் கூரை, சுவர், தரை எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

புன்மா என்பவரைக் காவலுக்கு வைத்தார் ராஜா. "ஒரு பலகை குறைந்தாலும் உன் தலை இருக்காது" என்று சொல்லிவிட்டுத் தலைநகருக்குப் போனார்.

அந்த ஐப்பசியில் ஆறு பெருகியது. ஊரின் மூங்கில் வீடுகள் அத்தனையும் போயின. அரண்மனையைச் சுற்றியும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது; உள்ளே தங்க வழியில்லை. சனங்கள் புன்மாவோடு மேட்டில் ஏறி, கொட்டும் மழையில் நின்றார்கள்.

முதல் நாள் கிழவர்கள் நடுங்கினார்கள். புன்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் நாள் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். புன்மா துள்ளி எழுந்தார்.

"தலை போனால் போகட்டும். படகைக் கொண்டு வாங்கடா!" என்று கத்தினார்.

கூரையைக் கழற்றினார்கள். சுவரைக் கழற்றினார்கள். தரையைக் கழற்றினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மேடு முழுக்கத் தேக்குக் குடிசைகள்!

வெள்ளம் வடிந்தது. ராஜா வருகிறார் என்று சேதி வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் புன்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்பானேன்? ஊரே பலகைகளைத் தலையில் சுமந்து வந்து நின்றது. ராஜா படகிலிருந்து இறங்கியபோது அரண்மனை எழுந்து நின்றது, சுவரெல்லாம் அடுப்புப் புகைக் கரியோடு.

ஆனால் நடுக்கூடத்துத் தரையில் ஒரு பலகை இல்லை.

"எங்கே அது?" என்றார் ராஜா.

புன்மா மண்டியிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார். "கழற்றிக் கொடுத்தவன் நான், மகாராஜா. தண்டனை எனக்குத்தான்."

கூட்டத்திலிருந்து பிகுன் என்ற படகோட்டிப் பெண் ஓடி வந்தாள். "அவரை விட்டுவிடுங்கள், மகாராஜா. வெள்ளத்தில் பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு என் வீட்டுக்காரர் செத்துப்போனார். கிடத்த ஓர் உலர்ந்த கட்டை இல்லை. அந்தப் பலகையில் கிடத்தி, அதோடேயே எரித்தோம்" என்று அழுதாள்.

ராஜா தரையில் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "அவன் பேர் என்னம்மா?"

"தோங்."

ராஜா குனிந்து புன்மாவைத் தம் கையாலேயே தூக்கி நிறுத்தினார். பிறகு தச்சர்களைப் பார்த்துச் சொன்னார்: "அந்த இடத்தில் வேறு பலகை போடாதீர்கள். யாராவது கேட்டால் தோங்கின் பேரைச் சொல்லுங்கள்."

ஆபத்தில் தவிப்பவர்களுக்கு உதவாத செல்வம், எவ்வளவு பத்திரமாகக் காத்தாலும் வீண்தான்.