பிசிக்ஸ் யாரு எடுக்கறாரு?

செஞ்சிப் பக்கம் ஒரு பாறைக்குன்றின் அடியில் ஒரு குரு இருந்தார். அவருக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அவருடைய சீடர் கலியமூர்த்தி ஐம்பதைத் தாண்டியவர். நரைத்தவர் சீடர், நரைக்காதவர் குரு என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கலியமூர்த்தி அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஊரே அவரை ‘சார்’ என்று கூப்பிடும். குரு மட்டும் ‘வாத்தியாரே’ என்பார்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு மாலையில் அவர் குருவைத் தேடி வந்தார். முகத்தில் தெளிவில்லை.

“சாமி, நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்.”

“சொல்லுங்க வாத்தியாரே.”

“பொண்ணு இலக்கியா பத்தாவது முடிச்சுட்டா. டாக்டராகணும்னு ஆசைப்படறா. பதினொண்ணுல எங்க சேர்க்கறதுன்னு தெரியல. பைபாஸ்ல புதுசா ஒரு பிரைவேட் ஸ்கூல் வந்திருக்கு. விடியறதுக்குள்ள டெஸ்ட் வைக்கறாங்க. நீட்டுக்கும் அவங்களே கோச்சிங் குடுக்கறாங்க. வீட்ல அங்கதான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க.”

“இல்லன்னா?”

“இல்லன்னா எங்க ஸ்கூல்தான். இதுவரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சிருக்கா. பன்னெண்டு வரைக்கும் இப்படியே படிச்சா மெடிக்கல் சீட்டுல தனி ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்கும் மார்க் வேணுமே சாமி. நான் தப்பா முடிவெடுத்துட்டா அவ வாழ்க்கையில்ல போயிடும்? திங்கக்கிழமையோட அட்மிஷன் முடியுது.”

போன மாதம்தான் அவர் பேனர் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருந்தார். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கும்பிட்டார். உபதேசம் ஊருக்குத்தானே. குரு அதை நினைவுபடுத்தவில்லை.

“உங்க ஸ்கூல்ல பிசிக்ஸ் யாரு எடுக்கறாரு?” என்று கேட்டார்.

கலியமூர்த்தி சிரித்தார். “என்ன சாமி, நான்தான்.”

“ஆளு எப்படி?”

குரு சிரிக்கவில்லை. கலியமூர்த்தியின் சிரிப்பும் அடங்கிவிட்டது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்ததும், பெண்ணைப் பெற்றவராக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். மகள் விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“விஷயம் தெரிஞ்சவருதான்,” என்றார். “ஒரு காலத்துல நல்லா எடுத்தாரு.”

“இப்ப?”

“இப்ப முக்கியமான கேள்வியைக் குறிச்சுக் குடுத்துடறாரு. பசங்க நெட்டுரு போட்டு பாஸ் பண்ணிடறாங்க. அதைத் தாண்டி எவனாவது ஏதாவது கேட்டா, இது பப்ளிக்ல வராது, உக்காருன்னுடறாரு.”

“அவருகிட்ட உங்க பொண்ணை விடுவீங்களா?”

கலியமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

“நாளைக்கு வந்து அவரு கிளாஸைப் பாக்கறேன்,” என்றார் குரு.

சொன்னபடி மறுநாள் காலை வந்தார். தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காவி வேட்டிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பையன்கள் ஒருவர் விலாவில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கலியமூர்த்தி ஒளியியல் பாடத்தைத் திறந்தார். குறிக்க வேண்டிய கேள்விகளைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து குருவின் கை உயர்ந்தது.

“சார், விடிகாலையில தெரியற வெள்ளி, விடிஞ்சதும் எங்க சார் போகுது?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ‘இது பப்ளிக்ல வராது’ என்பது கலியமூர்த்தியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சிரமப்பட்டு விழுங்கினார்.

“எங்கயும் போறதில்ல. இப்பவும் மேலதான் இருக்கு.”

“எங்க சார்?” என்றாள் முன்வரிசையில் இருந்த கோகிலா. அவள் உண்மையாகவே கேட்டாள்.

கலியமூர்த்தி சாக்பீஸைக் கீழே வைத்தார். “எல்லாரும் வெளியில வாங்க.”

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவர்களை நிறுத்தினார். நிழலைத் தாண்டக் கூடாது, சூரியனைப் பார்க்கவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அன்று விடியலில் நடக்கப் போனபோது வெள்ளியைப் பார்த்திருந்தார். சூரியனுக்கு முன்னால் கிளம்பியது இப்போதும் அதே அளவு முன்னால்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும். கையை நீட்டிச் சாண் வைத்து வானத்தை அளந்தார்.

“தலைக்கு நேர் மேல. முதல்ல தூரத்து மலையைப் பாருங்க, கண்ணு தூரத்துக்குப் பழகட்டும். அப்படியே கண்ணை மேல கொண்டு போங்க.”

நீலம்தான் தெரிந்தது. ஒரு பையன் காக்கையைக் காட்டி, “அதுவா சார்?” என்றான். கலியமூர்த்திக்கும் ஒன்றும் தெரியவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் பகலில் பார்த்தது, அதற்குப் பிறகு அவர் தேடியதேயில்லை. குரு எதிரில் மானம் போகப்போகிறது என்று அவருக்கு வியர்த்தது.

“சார்,” என்றாள் கோகிலா. “இருக்கு சார்.”

அவள் விரல் காட்டிய பக்கம் பார்த்தார். பட்டப்பகலில், அவ்வளவு பெரிய நீலத்துக்கு நடுவில், ஊசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி அசையாமல் நின்றது. பார்த்துவிட்ட பிறகு, இதையா இத்தனை நேரம் காணாமல் இருந்தோம் என்றிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அண்ணாந்தாள். காக்கையைக் காட்டிய பையன் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“தினமும் இருக்குமா சார்?”

“சில மாசம் சூரியனோட ஒட்டிக்கும், தெரியாது. ஏன்னு நாளைக்குச் சொல்றேன்.”

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு டீச்சர் திட்டத்தான் வந்தார். பிள்ளைகள் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு அவரும் கையில் புத்தகத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

குருவை வழியனுப்பப் பேருந்து நிறுத்தம்வரை நடந்தபோது கலியமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

“புரிஞ்சுடுச்சு சாமி,” என்றார். “இலக்கியாவை இங்கயே சேர்த்துடறேன். அவ மட்டும் வந்து என் கிளாஸ்ல உக்காரட்டும். இன்னிக்கு மாதிரியே தினமும் எடுப்பேன்.”

பேருந்து வந்து நின்றது. குரு படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அவ வரலன்னா, வாத்தியாரே?”