ஏரி கேட்ட உயிர்

முன்னொரு காலத்தில், வானம் பார்த்த பூமியான ஒரு நாட்டைக் கண்டீரவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவனா கெட்டவனா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அவன் யார் முகத்தில் விழித்தான் என்பதைப் பொறுத்தது அது.

அந்த நாட்டில் ஒரே ஒரு பெரிய ஏரி. மேலூரும் கீழூரும் அதை நம்பித்தான் உலை வைத்தன. அந்த வருஷம் ஏரிக்கரை உடைந்து தண்ணீரெல்லாம் வீணாய்ப் போனது. மேலூரான்தான் வெட்டினான் என்று கீழூரான் அரிவாளைத் தூக்க, கீழூரான்தான் என்று மேலூரான் வேல்கம்பைத் தூக்க, இரண்டு ஊரிலும் பாடை கட்டினார்கள். உண்மையில் வெட்டியவன் ராஜாவின் மைத்துனன், படைத் தளவாய் கருடமூர்த்தி. தன் கரும்புத் தோட்டத்துக்காகக் கரையைக் குடைந்து கள்ள மதகு வைத்திருந்தான். அந்த இடம் இளகித்தான் கரை போனது. ஊருக்கே தெரியும். தளவாயின் ஈட்டிக்கு முன்னால் வாய் திறக்க யாருக்குத் துணிச்சல்?

உண்மையை ராஜாவிடம் சொல்ல அமைச்சர் மங்கலநாதர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் முந்திக்கொண்டான்.

"மகாராஜா, ஏரிகாத்த அம்மன் என் கனவில் வந்தாள். தலைப்பிள்ளை சுமக்கும் பெண் ஒருத்தியைக் கரையில் வைத்து மண் மூடினால்தான் கரை நிற்குமாம். அதுவும் பெரிய இடத்துப் பெண்ணாக இருக்க வேண்டுமாம்." சொல்லிவிட்டு அமைச்சரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "நம் அமைச்சர் மகள் உலகம்மை பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாமே!"



"ஆகட்டும். நாளைக் காலை ஏரிக்கரையில்," என்றான் ராஜா. "நான் சொன்னால் சொன்னதுதான். என்ன அமைச்சரே, பேச்சையே காணோம்?"

வேண்டாம் என்று கெஞ்சினால் அந்த ராஜாவுக்குப் பிடிவாதம் கூடும். அப்படிக் கெஞ்சியவர்களின் கதி அமைச்சருக்குத் தெரியும். "நாட்டுக்கு நல்லதென்றால் சரி, மகாராஜா," என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் தளவாயின் குதிரைக்காரர்கள். கொல்லையிலும் அவர்களே. தப்ப வழியில்லை. வளைகாப்பு வளையல்கள் குலுங்க உலகம்மை சோறு போட்டாள்.

"ஏம்ப்பா முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? இவங்க எல்லாம் எதுக்கு வந்திருக்காங்க?"

"எனக்குக் காவலம்மா. நீ சாப்பிட்டியா?"

"ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன்," என்று சிரித்தாள் அவள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

விடிந்தது. ஏரிக்கரையில் குழி தயாராக இருந்தது. இரண்டு ஊர்ச் சனமும் கூடியிருந்தது. பல்லக்கிலிருந்து இறங்கிய உலகம்மை குழியைப் பார்த்தாள், பறைக்காரர்களைப் பார்த்தாள், தன் உடம்பில் சுற்றியிருந்த மஞ்சள் பட்டைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அப்பா!" என்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மங்கலநாதர் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை.

"மகாராஜா, ஒரே ஒரு சந்தேகம்," என்றார். "வழக்கம் தவறாத ராஜா என்று உலகமே தங்களைப் புகழ்கிறது. இந்தக் கரைக்கும் ஒரு வழக்கம் உண்டு. கரை உடைந்தால், எந்த நிலம் அதிகத் தண்ணீர் குடிக்கிறதோ அந்த வீடுதான் அதிக மண் சுமக்க வேண்டும். மண்ணுக்கே அப்படி என்றால், உயிர் கொடுக்க வேண்டியது எந்த வீடு? எனக்கு இந்த ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம்கூட இல்லையே! முறை தவறிய பலியை அம்மன் ஏற்பாளா?"

ராஜா தாடியைத் தடவினான். "நியாயம்தான். அதிகம் குடிக்கிற வீடு எது?"

இரண்டு ஊர்க் கண்களும் ஒரே சமயத்தில் தளவாயின் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திரும்பின. தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

"என் தோட்டமா? மகாராஜா, இந்த ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு என் வரப்பைத் தாண்டியதில்லை! அம்மன் மேல் ஆணை!"

"அப்படியானால் அதோ அந்த மதகு?" என்றார் அமைச்சர்.

"எவன் வைத்தானோ!"

"தங்களுடையது இல்லையே?"

"இல்லவே இல்லை!"

"மகாராஜா, யாருக்கும் சொந்தமில்லாத மதகை அடைத்துவிடலாமே?"

"அடையுங்கள்!" என்றான் ராஜா. நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் சேர்ந்தே கூடையோடு ஓடினார்கள்.

ராஜா விடவில்லை. "அது சரி, பலி? தளவாய் இல்லையென்றால் அதிகம் குடிப்பது யார்?"

இனி சொல்லப்போகும் வார்த்தைக்கு மங்கலநாதரின் தலையும் போகலாம்.

"அடுத்தது... அரண்மனைப் பண்ணை, மகாராஜா."

பறைக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராஜா குழியை எட்டிப் பார்த்தான். ஆழமாகத்தான் இருந்தது. அவன் முகம் வெளுத்ததை அன்றுதான் சனங்கள் பார்த்தார்கள்.

"தளவாய்," என்றான் மெதுவாக. "அம்மன் உயிரென்றா கேட்டாள்? நன்றாக நினைத்துப் பார்."

"ம... மண் என்றுதான் கேட்டாள் போல, மகாராஜா. தூக்கக் கலக்கம்..."

"தூக்கக் கலக்கத்திலா என் அமைச்சர் மகளுக்குக் குழி வெட்டினாய்? எடு கூடையை!"

பட்டுத் தலைப்பாகையையே சும்மாடாக்கி, பொழுது சாயும்வரை மண் சுமந்தான் தளவாய். முதல் கூடை அந்தக் குழிக்குள்தான் விழுந்தது. அந்தக் கோடையில் அவன் கரும்பு காய்ந்து சருகானது. அடுத்த மழைக்கு ஏரி நிறைந்து இரண்டு ஊரிலும் நெல் விளைந்தது.

தளவாய் மண் சுமந்த அன்றைக்கே ராஜா முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"மகளை இன்றே அவள் புருஷன் நாட்டுக்கு அனுப்ப உத்தரவு வேண்டும்."

"தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே வழக்கம்?"

"வழக்கம்தான், மகாராஜா. இந்த ஒருமுறை தவறட்டும்."

எல்லைக்கு அப்பால் உலகம்மைக்கு ஆண் குழந்தை பிறந்தது. சேதி கேட்ட ராஜா, "பேரனைக் கொண்டுவாரும், பார்ப்போம்," என்றான் ஆசையாக.

"பச்சைக் குழந்தைக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது, மகாராஜா," என்றார் மங்கலநாதர்.

அந்தப் பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் ராஜா கேட்கும்போதெல்லாம் அமைச்சர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.